பதினைந்தாம் இடத்து அணியுடன் பத்து நாள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், 1990ஆம் ஆண்டு வலைப்பந்தாட்ட அணியினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



கல்லூரியின் விளையாட்டு வரலாற்றைப் பற்றிப் பேசும்படி சங்கம் எங்களைக் கேட்டது. நாங்கள் நான்கு பேர், வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு, தொலைபேசியில் கூடிப் பேசிப் பார்த்தோம். கிண்ணங்களும் வருடங்களும் இந்த மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. அவற்றைத் திருப்பிச் சொல்ல நாங்கள் வேண்டியதில்லை. எங்களிடம் இருப்பது ஒரு சுற்றுப்போட்டியின் கதை. அதில் விளையாடியது எங்கள் கல்லூரி அணியல்ல. அந்த அணி வெல்லவும் இல்லை. ஆனாலும் இந்த மேடையில் சொல்லவேண்டிய கதை என்று நால்வரும் ஒத்துக்கொண்டோம். சேர்ந்து எழுதியதை ஒருத்தி வாசிக்கிறாள்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

அந்த நாளில் எங்கள் வலைப்பந்தாட்டத் திடல் கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்தது. மண் திடல். கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு. இரும்புக் குழாயில் வளையத்தை ஒட்டி நட்ட இரண்டு கம்பங்கள், அதில் ஒன்று சற்றுச் சரிவு. சோளகம் தொடங்கினால் வீசும் காற்றுக்குப் பந்து வளையத்தை விட்டு ஒரு சாண் விலகி விழும். எந்தப் பக்கக் கம்பத்துக்கு எவ்வளவு விட்டு எறிய வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வெளியூர் அணிகள் வந்தால் முதல் கால்மணித்தியாலம் அவர்களுக்கு இது விளங்காது. அதற்குள் நாங்கள் ஏழெட்டுக் கோல் போட்டுவிடுவோம். இது திறமையா கள்ளமா என்று இன்றும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் நேரே கேணிக்குப் போவோம். மதில் கட்டிய பெண்கள் கேணியில், கடல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்க, நல்ல தண்ணீரில் முழங்கால் சிராய்ப்புக் கழுவிய சுகம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் தங்கை. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளுக்குப் போய் உருமாறியதுதான் இது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தால் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். வளையம் பத்தடி உயரத்தில், அதாவது 3.05 மீற்றரில் இருக்கும். கூடைப்பந்துக் கம்பத்தில் இருப்பதுபோல் பின்பலகை கிடையாது. ஏழு பேரில் இரண்டு பேர் மட்டும்தான் கோல் எறியலாம், அதுவும் அரைவட்டத்துக்குள் நின்று. தடுக்க வருபவள் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். இந்த விதிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கம்பத்தடியில் ஓர் உயரமான பிள்ளை கிடைத்தால் அந்த அணிக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது விளங்கும்.

எங்களிடம் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். அணியில் அல்ல, வகுப்பில்.

பதினைந்து வயதில் அவள் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் கொக்கத்தடி. மாங்காய்க் காலத்தில் அவள் வாங்கிய பகிடிக்கு அளவில்லை. "கொக்கத்தடி வாறாள், வாங்கோடி ஆய்வம்" என்று மாமரத்தடியில் நின்று கத்தியவர்கள் வேறு யாருமல்ல, இந்த உரையை எழுதிய நாங்கள்தான். அவள் வகுப்பில் குனிந்தே இருப்பாள். பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு காலை மடித்து நிற்பாள். எங்கள் விளையாட்டு ரீச்சர் அவளை மூன்று தரம் அணிக்குக் கேட்டார். மூன்றாம் தரம் அவள், "நான் வரேல்லை ரீச்சர், இவை சிரிப்பினம்" என்றாள். அதற்கும் நாங்கள் சிரித்தோம். ரீச்சர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஐந்தடி இரண்டங்குலக் கோல் சூட்டரை வைத்துக்கொண்டே 1990 தொடக்கத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தோம். கொழும்பில் நடக்கவிருந்த தேசியப் போட்டிக்குத் தெரிவானோம். காங்கேசன்துறையில் இரவு ரெயில் ஏறுவதாக ஏற்பாடு. எங்களில் மூன்று பேர் அதுவரை ஆனையிறவைத் தாண்டியதில்லை. ஒருத்தியின் அம்மா பயணத்துக்கென்று ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம் சுட்டு வைத்தார். ஜூனில் சண்டை தொடங்கியது. ரெயில் நின்றது. சில நாட்களில் ஊரும் எழும்பியது. அந்தப் பணியாரத்தை மல்லாகத்தில் ஒரு பாடசாலை விறாந்தையில் இருந்து எல்லோருமாகச் சாப்பிட்டோம். பெட்டியைத் திறந்தபோது ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

அதன்பின் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அக்டோபரில் நகுலேஸ்வரத்தில் குண்டு விழுந்தது. 1995இல் வலிகாமமே எழும்பியது. கல்லூரி கொட்டில்களிலும் இரவல் கட்டடங்களிலும் நடந்தது. திடல் இருந்த காணி எங்களுக்குப் போக முடியாத இடமாகிப் பல வருடம் கிடந்தது. மேலதிக வீராங்கனைகளோடு ஒன்பது பேராக இருந்த அணியில் இருவர் லண்டனில், ஒருத்தி பாரிஸில், ஒருத்தி மெல்பேர்னில், இருவர் கனடாவில், ஒருத்தி கொழும்பில். ஒருத்தி திரும்பிவந்து கீரிமலையிலேயே இருக்கிறாள். இன்னொருத்தி 2009இல் வன்னியில் இல்லாமல் போனாள். வீட்டாரின் விருப்பப்படி அவள் பெயரைச் சொல்லவில்லை. எங்களுடைய சென்ரர் அவள்தான்.

இனி லிவர்பூல்.

2019 ஜூலை 12 முதல் 21 வரை உலகக் கிண்ண வலைப்பந்தாட்டம் அங்கே நடந்தது. 16 நாடுகள். இலங்கையும் அதில் ஒன்று. முந்தைய வருடம் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரையே 69–50 என்று வென்று தகுதி பெற்றிருந்தது. அந்த அணியில் கோல் சூட்டர் தர்ஜினி சிவலிங்கம்.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குத் தர்ஜினியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளிநாட்டில் பிறந்து இந்த மலரை வாசிக்கப்போகும் எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். அவர் புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினைப் பிள்ளை. கீரிமலையிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். வசாவிளான் மத்திய கல்லூரியில் படித்து, கிழக்குப் பல்கலைக்கழகம் போனவர். எங்கள் கல்லூரி மாணவியல்ல. அயற்பிள்ளை. சொந்தம் கொண்டாட எங்களுக்கு அவ்வளவுதான் உரிமை. உயரம் 2.08 மீற்றர், ஆறடி பத்தங்குலம். 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அவர்தான் கம்பத்தடியில் நின்றார். உயரத்துக்காகக் கேலிபட்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

லண்டனில் இருந்த இருவரும் ரிக்கற் எடுத்தோம். பாரிஸிலிருந்து ஒருத்தி வந்தாள். மெல்பேர்ன்காரி வருடாந்த லீவை இதற்கென்று மாற்றி வந்து சேர்ந்தாள். யூஸ்ரனில் ரெயில் ஏறி இருக்கையில் இருந்ததும் பாரிஸ்காரி பையைத் திறந்தாள். உள்ளே பயற்றம் பணியாரம். "கொழும்புக்குப் போறதுக்கு 29 வருஷம் பிந்திப்போச்சு" என்றாள்.

கொடியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அதை மறைத்துப் பேசினால் எங்களுக்கே ஒட்டாது. இலங்கை அணியைப் பார்க்கப் போகிறோம், கொடி கொண்டு போவதா? ஒருத்தி, தன்னால் அந்தக் கொடியைக் கையால் தொட முடியாது என்றாள். அவளுடைய தம்பிக்கு நடந்தது எங்களுக்குத் தெரியும், ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை. இன்னொருத்தி, கொடி அரசாங்கத்தினுடையது, விளையாடுவது பிள்ளைகள், இரண்டையும் குழப்பக்கூடாது என்றாள். அதுவும் நியாயம். குரூ வரும்வரை முடிவில்லை. கடைசியில் மெல்பேர்ன்காரி ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து, தடித்த பேனையால் "தர்ஜினி" என்று தமிழில் எழுதினாள். அதைத்தான் பத்து நாளும் பிடித்தோம்.

முதலாட்டம் வெள்ளிக்கிழமை, சிம்பாப்வேயுடன். சிம்பாப்வே முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்கு வந்திருந்தது. அவர்களுடைய ஆதரவாளர்கள் பாடிய பாட்டுக்கும் ஆடிய ஆட்டத்துக்கும் மண்டபமே அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. நாங்களும் இரண்டு தரம் எங்களை அறியாமல் தாளம் போட்டோம். இலங்கை அந்த ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. பின்னர் வட அயர்லாந்திடமும் அவுஸ்திரேலியாவிடமும் தோற்றது. பிரிவில் நான்காமிடம்.

தோல்விக்குக் காரணம் மேலிருந்து பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது. தர்ஜினிக்குப் பந்து போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் கோல்தான். ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் நின்றாலும், இருவர் தலைக்கும் மேலால் வரும் பந்தை அவர் ஒற்றைக் கையால் எடுத்துத் தன் மார்புக்கு இறக்காமலே வளையத்துக்கு அனுப்புகிறார். ஆகவே எதிரணிகள் அவரைத் தடுப்பதில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. நடுத்திடலிலேயே பந்தைப் பறித்தார்கள். அவுஸ்திரேலியப் பெண்களுக்கு விளையாட்டே தொழில். அங்கே சம்பளத்துக்கு ஆடும் லீக் இருக்கிறது. எங்கள் நாட்டுப் பிள்ளைகள் வங்கியிலும் படைகளிலும் வேலை செய்துகொண்டு விளையாடுகிறவர்கள். மூன்றாவது கால்பகுதியில் மூச்சு வாங்கத் தொடங்குவதைப் பார்த்தோம்.

உயரம் இருந்தால் யாரும் போடலாம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்களும் அப்படி நினைத்தவர்கள்தான். கிட்ட இருந்து பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்கும்போது தன் இடத்தை ஒரு பாதம்கூட விடாமல் வைத்திருப்பது உயரத்தால் வருவதல்ல. அப்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு மணித்தியாலம். விழுந்தால், அவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும். ஒருமுறை விழுந்தார். மண்டபம் முழுக்க ஒரு சத்தம் போட்டது. எழும்பி, கையைத் தட்டிவிட்டு, மறுபடி கம்பத்தடிக்குப் போனார்.

அடுத்த கட்டத்தில் கடைசி நான்கு இடங்களுக்கான பிரிவு. அதில் சிங்கப்பூரை 88–50 என்று வென்றோம். "வென்றோம்" என்று எழுதியதைக் கவனித்தீர்களா? திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். அந்த 88இல் மிகப் பெரும்பகுதி தர்ஜினியின் கையால் விழுந்தது. எங்களுக்குப் பின்வரிசையில் கொழும்பு, குருநாகல் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் கொடியும் றபானுமாக இருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை எங்கள் மட்டையைக் காட்டி என்ன எழுத்து என்று கேட்டாள். சொன்னோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோலுக்கும் அந்தப் பக்கமிருந்து "தர்ஜினி அக்கா" என்று சத்தம் வந்தது. அக்கா இரண்டு பாஷைக்கும் ஒரே சொல் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தோம். கொடியைத் தொட மாட்டேன் என்றவள் கடைசிவரை தொடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பணியாரம் கொடுத்தாள்.

பீஜியிடமும் சமோவாவிடமும் தோல்வி. பிறகு சிங்கப்பூரை மறுபடி வென்று பதினைந்தாமிடம். இறுதியாட்டத்தில் நியூசிலாந்து அவுஸ்திரேலியாவை 52–51 என்று ஒரேயொரு கோலால் வென்றது. அதையும் பார்த்தோம், நல்ல ஆட்டம். ஆனால் சுற்றுப்போட்டி முழுவதிலும் ஆகக்கூடிய கோல் போட்டது முதலாமிடத்து அணியில் இல்லை, இரண்டாமிடத்திலும் இல்லை. 348 கோல்களோடு ஈவினைப் பிள்ளை.

கீரிமலையில் இருக்கும் எங்கள் தோழி ஆட்டங்களை எங்கள் போன் வழியாகத்தான் பார்த்தாள். இங்கே நேரம் நாலரை மணித்தியாலம் முந்தியது. இரவு ஆட்டமென்றால் அவளுக்கு நடுச்சாமம். 88–50 ஆட்டத்தின் துண்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அவள் வைபரில் எழுதியது ஒரு வரி: "எங்கடை கொக்கத்தடியும் இப்பிடி நிண்டிருப்பாள்."

ஹோட்டல் அறையில் நாலு பேரும் அதை வாசித்தோம். அன்று இரவு ஒருவரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. உண்மையில் முதல் நாள் தர்ஜினி திடலுக்குள் வந்தபோதே எல்லோருக்கும் அந்த ஞாபகம் வந்திருக்கிறது, ஒருத்தருக்கொருத்தர் சொல்லவில்லை. அவள் எங்கள் வைபர் குழுவில் இல்லை. நாங்கள் சேர்க்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்றும் கேட்டதில்லை. ரெயில் ஓடியிருந்தால் கொழும்பில் என்ன செய்திருப்போம் என்று 29 வருடம் கவலைப்பட்டோம். ரெயிலை நிறுத்தியது யுத்தம். அவளைத் திடலுக்கு வரவிடாமல் நிறுத்தியது யுத்தமல்ல.

ஒரு மச்சாள் மூலம் தேடி ரொறன்ரோவில் பிடித்தோம். என்ன எழுதுவது? நாலு பேரும் எழுதி எழுதி அழித்தோம். முதலில் எழுதியதில் "அந்த வயதில் விளங்கவில்லை" என்று இருந்தது. பாரிஸ்காரி அதை வெட்டினாள். விளங்கினபடியால்தான் சிரித்தோம் என்றாள். கடைசியில் போனது மூன்று வரி மன்னிப்பும் அந்த வீடியோவும்.

நாலு நாள் பதிலில்லை. ஐந்தாம் நாள் ஒரு கேள்வி வந்தது: "அவவுக்குச் சப்பாத்து எங்கை எடுக்கிறவை?"

எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியே எழுதினோம். பிறகு தொலைபேசியில் எடுத்தாள். பெரிய கோபம் ஒன்றும் காட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஊர்ப் புதினம் கேட்டாள். ரீச்சர் இருக்கிறாவோ என்று கேட்டாள். வைக்கப் போகும்போதுதான் சொன்னாள்: "எனக்கு நெற்போல் நல்ல விருப்பம். பின்னேரம் நீங்கள் எல்லாரும் கேணிக்குப் போனாப்பிறகு நான் தனியப் போய் எறிஞ்சு பாக்கிறனான். சரிஞ்ச கம்பத்துக்கு ரெண்டு சாண் விட்டு எறியவேணும், என்ன?"

எங்கள் கணக்கு எப்போதும் ஒரு சாண். அவள் எறிந்த உயரத்தில் காற்று கூட.

சங்கத்திடம் ஒரு விடயம் கேட்கிறோம். வலய மட்டம், மாகாண மட்டம் தாண்டிப் பிள்ளைகள் வெளியூர் போகும்போது பஸ்காசும் கூடப்போக ஒரு பொறுப்பாளரும் இல்லாமல் பெற்றோர் மறிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இப்போது காங்கேசன்துறையிலிருந்து 2015 முதல் மறுபடி ரெயில் ஓடுகிறது. அணி எப்போது தேசிய மட்டத்துக்குப் போனாலும் ரிக்கற் செலவு 1990 அணியினுடையது. கூடப்போவதற்குக் கீரிமலைத் தோழி தயார். பயற்றம் பணியாரத்துக்கும் அவளே பொறுப்பு.

ரொறன்ரோவில் இருப்பவளை இந்த விழாவுக்கு அழைத்தோம். வரவில்லை என்றாள். வற்புறுத்தவில்லை. அவள் அனுப்பிய காசில் பன்னிரண்டு பந்துகள் வாங்கப்பட்டு இப்போது விளையாட்டு அறையில் இருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. புதுக் கம்பம் நடும்போது மட்டம் வைத்து நேராக நடச் சொல்லியும் சொல்லியிருக்கிறாள்.